திருடனைப் பிடிக்காமலே திருட்டை நிறுத்தலாம்!



முப்பது வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன். அப்போது நான் ஏழாம் வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் திடீரென்று பொருள்கள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு நாள் ஒரு மை பேனா. இன்னொரு நாள் ஜாமெட்ரி பாக்ஸ். அப்புறம் ஒரு பெண்ணின் புதுக் குடை. மூன்று வாரத்தில் ஏழு பொருள்கள் போய்விட்டன.

எனக்குக் கோபம் வந்தது. "யார் எடுத்தது? எழுந்து நில்லுங்கள்!" என்றேன். யாரும் எழவில்லை. எல்லாருடைய பைகளையும் மேசை மேல் கொட்டச் சொன்னேன். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையனின் பையில் இரண்டு மை பேனாக்கள் இருந்தன. அவன் வீட்டில் வசதி கிடையாது. சட்டையில் பொத்தான் இருக்காது. அவனுக்கு எப்படி இரண்டு பேனா?

"மாமா வாங்கிக் கொடுத்தார் சார். நான் எடுக்கலை சார்" என்றான். நான் நம்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் கடுமையாகப் பேசிவிட்டேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

பிறகு என்ன நடந்தது? அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை வேறு சில ஊர்களுக்கு அழைத்துப் போகப் போகிறேன். அந்த ஊர்களிலும் பொருள்கள் காணாமல் போயின. அங்கே இருந்தவர்கள் கேட்ட கேள்வி என் கேள்வியைவிட நல்ல கேள்வி!

நிற்காத பேருந்து

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். சட்டம் கற்பித்தவர். அதற்கு முன்பு சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவருக்கு உதவியாளராக இருந்தவர். போலீஸ்காரர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தவர்.

1979-ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கையான செய்தி வருகிறது. இங்கிலாந்தில் ஒரு தடத்தில் ஓடிய பேருந்துகள் நிறுத்தத்தில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தனவாம். வரிசையில் காத்திருக்கும் பயணிகளைப் பார்த்து ஓட்டுநர்கள் சிரித்தபடி கையசைத்துவிட்டுப் போய்விடுவார்களாம்! பயணிகள் புகார் செய்தார்கள். அதற்கு அதிகாரி ஒருவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? பயணிகளுக்காக நின்றுகொண்டிருந்தால் கால அட்டவணைப்படி பேருந்தை ஓட்ட முடியாது என்றாராம்!

சிரிப்பு வருகிறதா? பேருந்து எதற்காக ஓடுகிறது? பயணிகளை ஏற்றிச் செல்லத்தானே! அதையே மறந்துவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்வதை மட்டும் பார்த்தால் என்ன பயன்?

காவல்துறையிலும் இப்படி நடக்கிறது என்றார் கோல்ட்ஸ்டீன். தொலைபேசி மணி அடித்ததும் எத்தனை நிமிடத்தில் வண்டி போனது, எத்தனை பேரைக் கைது செய்தோம் என்று கணக்கு வைக்கிறார்கள். ஆனால், மக்களுடைய தொல்லை தீர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒரே தெருவில் இருந்து ஒரே புகார் பத்து முறை வருகிறது. பத்து முறையும் வண்டி போகிறது. பத்து முறையும் திரும்பி வருகிறது. பதினோராவது முறையும் மணி அடிக்கிறது!

வீட்டில் கொசுத் தொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொசுவாக அடித்துக்கொண்டே இருக்கலாம். கை வலிக்கும், கொசு குறையாது. கொல்லைப்புறத்தில் தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தால்? அதுதான் கோல்ட்ஸ்டீன் சொன்ன வழி. ஒவ்வொரு புகாரையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், ஒரே மாதிரியான புகார்களைச் சேர்த்து வைத்து அடியில் இருக்கும் சிக்கல் என்ன என்று பாருங்கள் என்றார் அவர். இதற்குச் 'சிக்கலைத் தீர்க்கும் காவல்முறை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதே முறையைப் பற்றி 1990-ல் அவர் ஒரு புத்தகமும் எழுதினார். 2018-ல் குற்றவியல் துறையில் மிகப் பெரிய பரிசான ஸ்டாக்ஹோம் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2020-ஆம் ஆண்டில் காலமானார்.

இது முழுக்கப் புதிய எண்ணம் என்று சொல்ல முடியாது. 1829-ல் லண்டன் மாநகரக் காவல்துறை தொடங்கப்பட்டபோதே, குற்றம் நடக்காமல் தடுப்பதுதான் முதல் வேலை என்று காவலர்களுக்குச் சொல்லப்பட்டது. நடுவில் அது மறந்து போய்விட்டது. கோல்ட்ஸ்டீன் அதை நினைவுபடுத்தினார். எப்படித் தடுப்பது என்று வழியும் சொன்னார்.

கப்பல் கட்டும் ஊரில்

சொல்வது எளிது. செய்து பார்க்க வேண்டாமா? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏதோ செய்தித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள்! பெரிய பெரிய கப்பல்களைக் கட்டும் ஊர் அது. 1980-களின் நடுவில் அந்த ஊர்க் காவல்துறை இந்தப் புதிய முறையைச் செய்து பார்க்க முன்வந்தது. ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கூடவே இருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

கப்பல் கட்டும் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். காலையில் காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போவார்கள். மாலையில் வந்து பார்த்தால் கார்க் கண்ணாடி உடைந்திருக்கும், உள்ளே இருந்த பொருள் போயிருக்கும். ஒவ்வொரு நாளும் இதே கதை.

காவலர்கள் எல்லாப் புகார்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். எந்த இடத்தில் நிறுத்திய காரில் அதிகம் போகிறது? எந்த நேரத்தில்? எந்த மாதிரிப் பொருள்? திருட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடக்கவில்லை. குறிப்பிட்ட சில நிறுத்துமிடங்களில்தான் அதிகம் நடந்தது. அடுத்து, ஏற்கெனவே பிடிபட்டுச் சிறையில் இருந்தவர்களையே போய்ப் பார்த்தார்கள். "எப்படிப்பட்ட காரைத் தேர்ந்தெடுப்பாய்? ஏன்?" என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை ரோந்து போகும் காவலர்களுக்கும் சொன்னார்கள். அதன் பிறகு, எங்கே கண் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கார்களில் இருந்து திருடுவது பாதிக்கும் மேல் குறைந்தது!

அதே ஊரில் நியூ பிரையர்ஃபீல்டு என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. 1942-ல், போர்க்காலத்தில் அவசர அவசரமாகக் கட்டியது. வீடு புகுந்து திருடுவது அங்கேதான் அதிகம். காவலர்கள் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு என்ன தொல்லை?" என்று கேட்டார்கள். திருட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்று பார்த்தால், வீட்டைப் பற்றியும் பேசினார்கள்! கதவு ஆடுகிறது, ஜன்னல் பூட்டு நிற்காது, பக்கத்து வீடு காலியாகக் கிடக்கிறது, குப்பை அள்ள ஆள் வருவதில்லை என்றார்கள்.

திருடனுக்கு வேறு என்ன வேண்டும்? ஆடுகிற கதவு, ஒளிந்துகொள்ளக் காலி வீடு!

காவல்துறை மற்ற அலுவலகங்களையும் கூட்டு சேர்த்தது. குப்பை அள்ளப்பட்டது. பழைய கார்களும் உடைந்த குளிர்பதனப் பெட்டிகளும் அகற்றப்பட்டன. சாலைக் குழிகள் மூடப்பட்டன. திருட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. குப்பை அள்ளுவது போலீஸ் வேலையா என்று கேட்கலாம். திருட்டைக் குறைப்பது போலீஸ் வேலை அல்லவா? அதற்குக் குப்பை அள்ள வேண்டுமென்றால் அள்ளச் சொல்லத்தான் வேண்டும்! ஆனாலும் அந்தக் கட்டடங்கள் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தன. கடைசியில் அவற்றை இடித்துவிட்டு, அங்கே இருந்தவர்களை நல்ல வீடுகளுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

நான்கு படிகள்

நியூபோர்ட் நியூஸில்தான் இந்த வேலைக்கு நான்கு படிகள் வகுத்தார்கள். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'சாரா' என்று அழைப்பார்கள். இன்று பல நாட்டுக் காவலர்கள் பயிற்சியில் படிக்கும் பாடம் இது. நாம் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. கவனி: எது திரும்பத் திரும்ப நடக்கிறது?
2. ஆராய்: ஏன் இங்கே? ஏன் இந்த நேரத்தில்? ஏன் இந்தப் பொருள்?
3. செய்: அந்தக் காரணத்தை நீக்கும் வேலையைச் செய்.
4. சரிபார்: உண்மையிலேயே குறைந்ததா? இல்லையென்றால் மறுபடி முதல் படிக்குப் போ.

நல்ல டாக்டர் செய்வதும் இதுதானே? காய்ச்சல் என்று போனால் உடனே ஊசியை எடுக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், "எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்பார், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்வார். அப்புறம் மருந்து தருவார். மூன்று நாள் கழித்து வந்து காட்டச் சொல்வார். கவனி, ஆராய், செய், சரிபார்!

இந்த நான்கில் மிகவும் கடினமானது எது தெரியுமா? இரண்டாவது படி. ஏனென்றால் முதல் படியில் இருந்து நேராக மூன்றாவது படிக்குத் தாவவே நமக்கு ஆசை. என் வகுப்பில் நான் செய்ததும் அந்தத் தாவல்தான்.

காசு போட்டால் மின்சாரம்!

இனி இங்கிலாந்துக்குப் போவோம். மான்செஸ்டர் நகருக்கு வடக்கே ராச்டேல் என்ற ஊர். அங்கே கிர்க்ஹோல்ட் என்பது வாடகைக் குடியிருப்புப் பகுதி. சுமார் 2,280 வீடுகள். 1980-களின் நடுவில், ஒரே ஆண்டில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் திருடர்கள் புகுந்தார்கள். நம் தெருவில் இருபது வீடு இருந்தால் ஐந்து வீட்டில் திருட்டு! எப்படி நிம்மதியாகத் தூங்க முடியும்?

காவல்துறை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நன்னடத்தை அலுவலர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பொருளைப் பறிகொடுத்தவர்களிடம் பேசினார்கள். அவர்களுடைய அண்டை வீட்டாரிடம் பேசினார்கள். பிடிபட்ட திருடர்களிடமும் பேசினார்கள். இரண்டு உண்மைகள் வெளியே வந்தன.

முதல் உண்மை: அந்த வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போடும் மீட்டர்கள் இருந்தன. நாணயத்தைப் போட்டால்தான் விளக்கு எரியும். காசு முழுவதும் மீட்டரின் பெட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். நம் மண் உண்டியல் மாதிரி! வீட்டில் நகை இருக்கிறதோ இல்லையோ, மீட்டரில் காசு இருக்கும் என்று திருடனுக்கு நிச்சயமாகத் தெரியும். அங்கே நடந்த திருட்டுகளில் ஏறத்தாழ பாதியில் மீட்டர் காசு போயிருந்தது.

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. ஒரு முறை திருட்டுப் போன வீட்டில் மறுபடியும் திருட்டுப் போக மற்ற வீடுகளைவிட நான்கு மடங்கு வாய்ப்பு இருந்தது. 'ஒரு முறை வந்துவிட்டான், இனி வரமாட்டான்' என்று நாம் நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு! உள்ளே போகும் வழி அவனுக்குத் தெரிந்துவிட்டது. எடுக்காமல் விட்டுப்போனது என்ன என்பதும் தெரியும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்கள்? காசு மீட்டர்களைக் கழற்றிவிட்டு வேறு வகை மீட்டர்களை மாட்டினார்கள். உண்டியலே இல்லை என்றால் உடைப்பதற்கு என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் ஒரே நாளில் பூட்டு மாற்ற முடியாதே! எனவே, திருட்டுப் போன வீட்டில் முதலில் பூட்டைப் பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றி இருந்த ஆறு வீட்டாரிடம், "கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிக் கூடு இருக்குமே, அதைப் போல அந்த வீட்டைச் சுற்றி ஒரு பாதுகாப்பு. அதனால் அந்த ஏற்பாட்டுக்குக் 'கூடு' என்றே பெயர் வைத்தார்கள்!

இதோ அந்தக் கணக்கு:

திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் 526 திருட்டுகள்.
முதல் ஆண்டில் 223.
இரண்டாம் ஆண்டில் 167.
மூன்றாம் ஆண்டில் 132.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 526-ல் 132 என்பது எத்தனை சதவீதம்? சுமார் 25. அதாவது நான்கு திருட்டு நடந்த இடத்தில் ஒரு திருட்டு!

"சார், அந்தத் திருடர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பார்களே?" என்று உங்களில் ஒருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. சபாஷ், நல்ல கேள்வி! ஆய்வாளர்களும் இதைக் கேட்டார்கள். அக்கம்பக்கத்துப் பகுதிகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே திருட்டு கூடவில்லை.

ஹெல்மெட் செய்த மாயம்

அந்த நாளில் மேற்கு ஜெர்மனி என்று ஒரு தனி நாடு இருந்தது. 1990-ல்தான் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. மேற்கு ஜெர்மனியில் 1980-ல் ஒரு விதி வந்தது. ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம்! தலையைக் காப்பாற்றத்தான் இந்த விதி. திருட்டைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

ஆனால் என்ன ஆயிற்று? 1980-ல் அங்கே ஏறத்தாழ 1,50,000 மோட்டார் சைக்கிள்கள் திருடு போயின. 1986-ல் அது சுமார் 54,000 ஆகக் குறைந்துவிட்டது!

ஏன்? வண்டி திருடியவர்களில் பலர் திட்டம் போட்டுத் திருடியவர்கள் அல்லர். வழியில் ஒரு வண்டி நிற்கிறது, ஓட்டிப் பார்க்க ஆசை வருகிறது, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஹெல்மெட் விதி வந்த பிறகு அது முடியவில்லை. வெறுந்தலையோடு போனால் முதல் சந்திப்பிலேயே போலீஸ் நிறுத்துவார். திருடுவதற்காக யாராவது ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவார்களா?

அந்த நாட்டில் இருந்த மனிதர்கள் எல்லாரும் ஒரே நாளில் நல்லவர்களாக மாறிவிடவில்லை. தவறு செய்வது கொஞ்சம் கடினமாயிற்று, அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம்' போதும் என்பதுதான் இந்தக் கதை சொல்லும் பாடம்.

ஒரு முக்கோணம்

கணக்குப் பாடத்தில் முக்கோணம் வரைவீர்கள் அல்லவா? குற்றத்துக்கும் ஒரு முக்கோணம் உண்டு. மார்கஸ் ஃபெல்சன், லாரன்ஸ் கோகன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-ல் எழுதியதில் இருந்து வளர்ந்தது அது. ஒரு பக்கம், தவறு செய்ய நினைக்கும் ஆள். இரண்டாவது பக்கம், அவன் குறிவைக்கும் பொருள் அல்லது மனிதர். மூன்றாவது பக்கம், இடம். மூன்றும் ஒன்று சேர்ந்து, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாதபோதுதான் குற்றம் நடக்கிறது.

முக்கோணத்தில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் முக்கோணம் நிற்குமா? நிற்காது. நாம் எப்போதும் முதல் பக்கத்தை, அதாவது ஆளை மட்டும்தான் பிடிக்க ஓடுகிறோம். மற்ற இரண்டு பக்கங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன! கிர்க்ஹோல்டில் பொருளை எடுத்தார்கள். நியூ பிரையர்ஃபீல்டில் இடத்தைச் சரிசெய்தார்கள்.

நம் திருச்சியிலும்

நம் தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1999-க்குப் பிறகு திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் ஜே.கே. திரிபாதி. அவர் நகரைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் காவலர்களை அமர்த்தினார். அதே காவலர்கள் அதே தெருக்களில் சுற்றி வருவார்கள். மக்களுக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு மக்களைத் தெரியும். காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குபவர்களுக்காக நகரில் புகார்ப் பெட்டிகளும் வைத்தார்கள். காகிதத்தில் எழுதிப் போட்டால் போதும். இந்த முயற்சி காமன்வெல்த் அளவில் பரிசும் பெற்றது.

புகார்ப் பெட்டியால் என்ன நன்மை? முதல் படி என்ன சொன்னோம்? கவனி! மக்கள் வாய் திறந்து சொன்னால்தானே காவலர்களால் கவனிக்க முடியும்?

இது எப்போதும் பலிக்குமா?

எப்போதும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவசரமாகப் பார்த்து, தவறான காரணத்தைக் கண்டுபிடித்தால் பலன் இருக்காது. காரணம் சரியாக இருந்தாலும், செய்வதற்குப் பணமோ பொறுமையோ இல்லாமல் பாதியில் நின்றுபோன திட்டங்களும் உண்டு. சில ஆய்வாளர்கள் 2020-ல் இத்தகைய 34 முயற்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குற்றமும் தொல்லையும் குறைந்ததாகத் தெரிந்தது. முழுவதும் ஒழிந்துவிடவில்லை, ஆனால் நன்றாகவே குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. 'கண் வையுங்கள்' என்றால், புதிதாக யார் வந்தாலும் திருடன் என்று சந்தேகப்படு என்று பொருள் இல்லை. அப்படிச் சந்தேகப்பட்டால், தவறே செய்யாத ஒருவருக்கு நாம் தவறு செய்துவிடுவோம். அதற்கு நானே சாட்சி.

மீதிக் கதை

அந்தப் பையன் வராமல் நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் எங்கள் டிரில் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"சார், குடை காணாமல் போன அன்றைக்கு அந்தப் பையன் கடைசி பீரியட் முழுக்க என்னோடுதான் இருந்தான். மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்த பிறகும் வலையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். நீங்கள் அவனைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை, அதுதான் வந்தேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலை ஒரு தாளை எடுத்தேன். காணாமல் போன ஏழு பொருள்களையும் எழுதினேன். என்ன பொருள்? என்ன கிழமை? எந்தப் பெஞ்சு? மூன்று கட்டம் போட்டேன். எழுதி முடித்ததும் வாயடைத்துப் போனேன். ஏழும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் போனவை. அந்த இரண்டு நாளும் கடைசி பீரியட் டிரில், வகுப்பு காலியாக இருக்கும். ஏழும் ஜன்னலை ஒட்டிய இரண்டு பெஞ்சுகளில் இருந்து போனவை. எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு கம்பிகள் இல்லை! வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. யார் வேண்டுமானாலும் கையை விட்டு எடுக்கலாம்.

அந்த ஜன்னல் பல மாதங்களாக அப்படியே இருந்தது. தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் பாடம் நடத்தினேன். ஆனால், பையன்களின் பைகளைப் பார்த்த நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியரிடம் சொல்லிக் கம்பி போடச் செய்தேன். பெஞ்சுகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். டிரில் பீரியடில் கதவைப் பூட்டிச் சாவியை வகுப்புத் தலைவன் வைத்துக்கொண்டான். அந்த ஆண்டு முடியும் வரை வேறு எதுவும் காணாமல் போகவில்லை. எடுத்தது யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது!

கம்பி போடுவது எளிதாக இருந்தது. அந்தப் பையன் வீட்டுக்குப் போவதுதான் கடினமாக இருந்தது. அவன் அம்மா வாசலில் நின்றார். "என் பிள்ளை எடுத்திருக்க மாட்டான் ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டாவது பேனாவைப் பற்றியும் சொன்னார். அவன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்கு மாமா கொடுத்த பரிசாம் அது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வகுப்பில், எல்லாருக்கும் முன்னால் திட்டிய அதே இடத்தில் நின்று, எல்லாருக்கும் முன்னால் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தான். ஆனால், அந்த இரண்டாவது பேனாவை அவன் அப்புறம் பள்ளிக்குக் கொண்டுவரவே இல்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

'யார் எடுத்தது?' என்று மட்டும் கேட்டேன். 'ஏன் இங்கே? ஏன் இப்போது?' என்று முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு பையன் அழுதிருக்க மாட்டான்.

நீங்களும் செய்து பாருங்கள்!

உங்கள் பள்ளியிலோ தெருவிலோ திரும்பத் திரும்ப வரும் ஒரு தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஸ்டாண்டில் அடிக்கடி காற்று பிடுங்கி விடுகிறார்களா? குழாயடியில் தினமும் சண்டையா? குறிப்பிட்ட ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகளைப் பெரிய பையன்கள் கேலி செய்கிறார்களா?

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். யார் பெயரையும் எழுதாதீர்கள்! பிறகு எல்லாரும் உட்கார்ந்து பாருங்கள். ஒரே நேரம் திரும்ப வருகிறதா? ஒரே இடம் வருகிறதா? அங்கே விளக்கு இல்லையா? மதில் மறைக்கிறதா? ஆசிரியர் யாரும் போகாத பக்கமா? என்ன செய்தால் சரியாகும் என்று எழுதி, உங்கள் ஆசிரியரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கொடுங்கள். செய்த பிறகு இன்னும் இரண்டு வாரம் அதே கட்டத்தை நிரப்பிச் சரிபாருங்கள்.

ஆனால் ஒன்று! திருடனைத் துரத்துவதும், சண்டையில் குறுக்கே பாய்வதும் உங்கள் வேலை இல்லை. ஆபத்து என்று தோன்றினால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கட்டம் போட்டுவிட்டீர்களா? அப்படியானால், யாருடைய பையையும் திறப்பதற்கு முன்னால் ஒரு முறை ஜன்னலைப் போய்ப் பாருங்கள், குழந்தைகளே!